ஊர் ஒரு சபையில், மயானம் இன்னொரு சபையில்: அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் ஊர் மயானம் பக்கத்துப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. உங்கள் சபையிடம் போனால் ‘அது எங்கள் எல்லையில் இல்லை’ என்கிறார்கள். அந்தச் சபையிடம் போனால் ‘எங்கள் ஆட்கள் யாரும் அங்கே அடக்கம் செய்வதில்லை, நாங்கள் ஏன் காசு செலவழிக்க வேண்டும்’ என்கிறார்கள். மயானத்தைச் சுற்றிக் குடியேறியவர்கள் இனிமேல் பிரேதம் கொண்டுவர வேண்டாம் என்று ஒழுங்கையை மறித்திருக்கிறார்கள். அப்படித் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அப்பாவை 2011 இல் அங்கேதான் வைத்தோம், அம்மாவுக்கு இப்போது 79 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதாமல் விட்டது நல்லது. நானும் கேட்கமாட்டேன், இதே கதை வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் பல ஊர்களுக்கு உண்டு.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக 29 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மட்டக்களப்பு மாவட்டத்திலும் அம்பாறைக் கரையோரத்திலும் மாறி மாறி இருந்தேன். மயானக் காணி பார்ப்பது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி எடுப்பது, அடக்கம் சம்பந்தமான முறைப்பாடு விசாரிப்பது எல்லாம் என் வேலையாக இருந்தவை. ஆகவே மண், தண்ணீர், சபை நடைமுறை ஆகியவற்றில் உறுதியாகப் பேசுவேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தில் எனக்குத் தெரிந்தது, வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குத்தான். உங்கள் காணியின் வரைபடத்தையும் நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் ‘காணி உங்களுடையது’ என்றோ ‘இல்லை’ என்றோ யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முதலில் நிச்சயமானதைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி நின்று ஒரு மயானத்தை மூட முடியாது. சபைத் தவிசாளர் வாயால் சொல்வதாலும், வாசலில் பலகை தொங்குவதாலும் அது மூடப்பட்டதாகாது. இந்த நாட்டில் மயானங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது: 1899 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மயானங்கள், புதைகுழி நிலங்கள் கட்டளைச் சட்டம். எங்கே அடக்கம் செய்யலாம், யார் பொறுப்பு, எப்படித் திறப்பது, எப்படி மூடுவது எல்லாம் அதன் கீழ்தான் வருகிறது. மூடுவதென்றால் அதற்குரிய அரச அறிவித்தல் வர வேண்டும். அப்படி ஒன்று வராத வரைக்கும் உங்கள் மயானம் மயானம்தான். அதேபோல, பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. தன் எல்லைக்குள் இருக்கும் பொது மயானத்தைப் பராமரிப்பது சபையின் வேலை. அங்கே அடக்கமாகிறவர் எந்தச் சபைக்கு வரி கட்டினார் என்பது அந்த வேலையைக் குறைத்துவிடாது. ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு பதில்களில், உங்கள் சபை சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பக்கத்துச் சபை சொன்னதில் இல்லை.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் ஆறும். பிரதேச சபைகள் 1988 இல்தான் வந்தன. அதற்கு முன்னர் கிராம சபைகளும் பட்டின சபைகளும் இருந்தன. அவை 1981 இல் இல்லாமற்போயின. உங்கள் பாட்டன் காலத்தில் மயானத்துக்கு இடம் பார்த்தவர்கள் மேட்டு மண்ணைப் பார்த்தார்கள், தண்ணீர் வராத பக்கத்தைப் பார்த்தார்கள், ஊர்க் காற்று அடிக்கும் திசையைப் பார்த்தார்கள். சபை எல்லையைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்போது அந்தக் கோடே கிடையாது. பிறகு வந்தவர்கள் தோணா என்கிற நீரோடையையும் வீதியையும் வைத்துக் கோடு போட்டபோது மயானம் அந்தப் பக்கம் போய்விட்டது. நம் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாலை கோர்த்ததுபோல் அடுத்தடுத்து வருகின்றன. கிழக்கே கடல், மேற்கே வாவி அல்லது வயல். கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று போனால் ஓர் ஊரின் கடைசி மதிலும் அடுத்த ஊரின் முதல் மதிலும் தொட்டுக்கொண்டு நிற்கும். இந்த ஒடுக்கமான மண்ணில் ஓர் ஊரின் சுடலை அடுத்த ஊரின் கணக்கில் விழுவது பெரிய அதிசயமில்லை.

சுடலை ஊருக்கு வெளியே இருப்பது நமக்குப் புதிதுமில்லை. இடுகாடு, சுடுகாடு, முதுகாடு என்று எல்லாச் சொல்லிலும் காடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கப் பாட்டுகளில் முதுகாடு வந்தால் கள்ளியும் கூடவே வரும். மட்டக்களப்பு நகர மக்கள் தங்கள் இறந்தவர்களைக் கொண்டுபோகும் கள்ளியங்காட்டின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். புளியந்தீவு பெயருக்கேற்பத் தீவு. நாலு பக்கமும் வாவி, உள்ளே கோட்டை, பழைய கச்சேரிக் கட்டடம், கடைத்தெரு, பள்ளிக்கூடங்கள். பிரேதம் பாலம் கடந்துதான் போக வேண்டும். வெளியே இருப்பதால் மயானம் அந்நியமாகிவிடுவதில்லை. சுற்றிலும் வெறும் காடாக இருந்த காலத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி வந்தது வீடுகள் வந்த பிறகு. அதற்கு 2004 டிசம்பர் 26 ஒரு பெரிய காரணம். கடற்கோளுக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பின்னர் தளர்த்தினார்கள். அதற்கிடையில் நாவலடிப் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் திராய்மடுவில் குடியேற்றப்பட்டன. அம்பாறைக் கரையிலும் அப்படியே உட்பக்கமாக நகர்ந்தார்கள். பழைய ஊர் ஓரிடம், அதன் இறந்தவர்கள் ஓரிடம், புது வீடு வேறிடம் என்று ஆகிப்போனது. இன்னொரு பக்கம், யாருமில்லாத மேட்டு நிலமாகக் கிடந்த மயான ஓரங்களுக்குப் புதுக் குடும்பங்கள் வந்தன. உங்கள் ஒழுங்கையை மறித்தவர்களில் அப்படி வந்தவர்களும் இருக்கக்கூடும். அவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம், தண்ணீர். அவர்கள் ‘எங்கள் கிணறு கெட்டுப்போகும்’ என்று சொன்னதாக எழுதி, அதைச் சாட்டு என்று தள்ளியிருக்கிறீர்கள். தள்ள வேண்டாம். நம் கரையோரம் முழுக்க மணல். கோடையில், கச்சான் காற்று அடிக்கும் ஆடி ஆவணியில், கிடங்கு வெட்டினால் ஆறடிக்கும் மண் ஈரமாக இருக்குமே தவிரத் தண்ணீர் ஊறாது. கார்த்திகை பிறந்து வாடை மழை தொடங்கினால் கதை மாறும். வாவி நிறையும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி விடுகிற வரைக்கும் நீர் ஏறிக்கொண்டே போகும், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணலில் நிலத்தடி நீரும் கூடவே ஏறும். சில வளவுகளில் மூன்றடி தோண்டினாலே, மணலில் தண்ணீருக்குத் தோண்டும் பூவல் போல நிறைந்துவிடும்.

ஒரு மார்கழி அடக்கம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முறைப்பாடு ஒன்றை விசாரிக்கப் போன இடத்தில் தற்செயலாகப் பார்த்தேன். கிடங்கு வெட்டிய இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளி இறைக்க ஒன்றரை வாளி ஊறியது. பக்கச் சுவர் சரியாமல் இருக்கத் தகரம் செருகியிருந்தார்கள். அதற்குப் பின்னாலிருந்தும் மணல் கரைந்து வந்தது. பெட்டியை இறக்கினால் அது அமிழவில்லை, மிதந்தது. நாலு பேர் கம்பால் அழுத்திப் பிடிக்க, மற்றவர்கள் உர பேக்கில் மணல் நிரப்பிப் பெட்டியின் மேல் அடுக்கினார்கள். மூத்த மகன் தலைமாட்டில் நின்றவர், அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிடங்கிலிருந்து முப்பது எட்டு நடந்தால் ஒரு வீட்டுக் கிணறு. அன்று முறைப்பாடு செய்தது அந்த வீட்டு அம்மாதான். அவருடைய பயம் வெறும் அருவருப்பு என்று அதற்குப் பிறகு என்னால் எண்ண முடியவில்லை.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். உடல் உக்கும்போது வெளியாகும் நீர் காய்ந்த மண்ணுக்குள் இறங்கினால், மண் அதை வடிக்கும். கிருமிகளில் பெரும்பகுதி கொஞ்ச ஆழத்திலேயே தங்கிச் செத்துவிடும். உடல் நிலத்தடி நீருக்குள்ளேயே கிடந்தால் அந்த வடிப்பு நடக்காது. இது உறுதி. அதனால்தான் கிடங்கின் அடிக்கும் நீர் மட்டத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு மீற்றர் காய்ந்த மண் இருக்க வேண்டும் என்கிறார்கள். இங்கிலாந்தில் பின்பற்றும் வழிகாட்டலில் குடிநீர்க் கிணற்றுக்கு 250 மீற்றர், ஓடைக்கும் ஊற்றுக்கும் 30 மீற்றர் என்றும் தூரம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது நாலைந்து வீட்டுக்கு ஒரு பொதுக் கிணறுகூட இல்லாத நாட்டுக் கணக்கு. வளவுக்கு ஒரு கிணறு இருக்கிற நம் கரையில் 250 மீற்றர் பார்த்தால் எந்த மயானமும் தேறாது. ஆகவே தூரத்தைவிட ஆழத்தைப் பாருங்கள் என்பேன். ஒரு குறிப்பிட்ட கிணறு மயானத்தால்தான் கெட்டதா என்பதோ சந்தேகத்துக்குரியது. கிணற்றில் மலக்கிருமி வந்தால், என் அனுபவத்தில், முதலில் பார்க்க வேண்டியது அதே வளவின் மலசலகூடக் குழி. பெரும்பாலும் அது மயானத்தைவிடக் கிட்டத்தில் இருக்கும். தண்ணீர்ப் பரிசோதனைக்கு நீங்களே முன்வந்து கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக மாதிரி எடுக்கலாம். மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று, மயானத்துக்குக் கிட்ட ஒரு கிணறு, தூரத்தில் ஒரு கிணறு என்று எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

இறந்த உடல் நோய் பரப்பும் என்ற பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரனர்த்தங்களில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் வருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பல தடவை சொல்லியிருக்கிறது. ஆனாலும் இந்தப் பயம் இந்த நாட்டில் என்ன செய்தது என்பதை நம் மாவட்டமே பார்த்தது. கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020 இல் வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் கெடும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. முதலில் இரணைதீவைச் சொன்னார்கள், அங்கே மக்கள் எதிர்த்தார்கள். பிறகு நம் மாவட்டத்து ஓட்டமாவடியில் உள்ள மஜ்மா நகர். 2021 மார்ச் 5 தொடங்கி ஒரு வருடம், முழு நாட்டுக்கும் அந்த ஒரே மயானம். 3,600 க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள், ஆனால் பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து வந்து ஓர் இலக்கத்துக்கு முன்னால் நின்று துஆ கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் எந்த மயானமும் தன் ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கக் கூடாது. ஆனால் ஓட்டமாவடிச் சனம், தங்களுக்குத் தெரியாத அத்தனை பேருக்கும் தங்கள் பிரதேச சபைக் காணியில் இடம் விட்டார்கள். ‘எங்கள் ஆட்கள் இல்லை’ என்று சொல்கிற எந்தச் சபையிடமும் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

பொது மயானத்தில் யாரை அடக்கம் செய்யலாம் என்பது எவ்வளவு நெருப்பான விஷயம் என்பதற்கும் நமக்கு 2019 இன் பாடம் உண்டு. அந்த வருட உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடிக்க வைத்தவரின் உடற்பாகத்தை அந்த ஆகஸ்டில் கள்ளியங்காட்டில் புதைத்தபோது சனம் வீதிக்கு இறங்கியது. நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகு அது தோண்டி எடுக்கப்பட்டது. உங்கள் பிரச்சினை அந்த மாதிரி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கேகூடத் தோண்டி வெளியே எடுக்க நீதிமன்றக் கட்டளை தேவைப்பட்டது. ஆகவே அப்பாவின் குழியை யாராவது தொட்டுவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். அதைத் தொட எந்தச் சபைக்கும் தானாக அதிகாரம் இல்லை.

அடுத்தது இடம். மயானம் நிறைந்துவிட்டது என்று அந்தச் சபை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். ஒரு கிடங்குக்கும் சுற்றிவர நடக்கவும் நாலு சதுர மீற்றர் வைத்தால், பாதை, மடம், மரம் போக 700 கிடங்கு வரும். ஐயாயிரம் பேருள்ள ஊரில் வருடத்துக்கு முப்பது முப்பத்தைந்து மரணம் வரலாம். இருபது வருடத்தில் ஓர் ஏக்கர் முடியும். ஆனால் நம் மணலில் சில வருடங்களில் எலும்புதான் மிஞ்சும். பழைய குழியைத் திரும்ப வெட்டி, எலும்பைக் கால்மாட்டில் ஒதுக்கிப் புதைப்பது நம் ஊர்களில் காலங்காலமாக இருக்கிறது. அப்படி நடந்தால் மயானம் முடிவதேயில்லை. அதை முடிப்பது சீமெந்து. வெளிநாட்டுக் காசு வந்த பிறகு ஆளாளுக்குக் கல்லறை கட்டி, மாபிள் ஒட்டி, கம்பி வேலியும் போட்டுவிட்டார்கள். கட்டிய இடம் கட்டியதுதான்; பிறகு யாருக்கும் உதவாது. தம்பி, நீங்கள் அப்பாவுக்குக் கல்லறை கட்டவில்லையென்றால் தயவுசெய்து கட்ட வேண்டாம். தலைமாட்டில் பெயரும் திகதியும் எழுதிய ஒரு கல் போதும். கட்டாமல் விட்டால் அம்மாவுக்கு அதே குழியில்கூட இடம் எடுக்கலாம். கட்டிவிட்டால் பக்கத்தில் இடம் தேட வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவசரப்பட்டு வழக்குக்குப் போக வேண்டாம். முதலில் கடதாசி. நில அளவைத் திணைக்களத்தில் உங்கள் பகுதிக்குரிய கிராம வரைபடத்தின் பிரதியைக் கேளுங்கள். பழைய வரைபடங்களில் மயானம் தனித் துண்டாக இலக்கத்தோடு இருக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை றூட், எத்தனை பேர்ச்சஸ் என்றும் போட்டிருக்கும். அந்தத் துண்டு அரச காணியா, மயானத்துக்கென்று ஒதுக்கப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இரண்டு பிரதேச சபைகளிடமும் வேறு வேறு விண்ணப்பம் போடுங்கள்: மயானப் பதிவேட்டின் பிரதி, மயானத்தை மூடும் அறிவித்தல் ஏதாவது உண்டா, கடந்த ஐந்து வருடத்தில் பராமரிப்புக்குச் செலவழித்த தொகை. மூன்றாவது கேள்விக்கு யார் பதில் தருகிறார்களோ அவர்களே பொறுப்பை ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறார்கள்.

பழைய அடக்கங்களின் சான்றும் சேருங்கள். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் அடக்கம் செய்த இடமும் குறித்திருக்கும். ஊரில் பத்துக் குடும்பத்தின் பழைய பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்தால், எத்தனை வருடமாக அங்கே அடக்கம் நடக்கிறது என்பது தானாகத் தெரியவரும். கோயில் நிர்வாகத்திடமும் மரண உதவிச் சங்கத்திடமும் பழைய கொப்பிகள் இருக்கும். பிறகுதான் பேச்சு. பேசப் போகும்போது ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு பக்கத்துக் கிராம உத்தியோகத்தரும், பள்ளிவாசல் அல்லது கோயில் பெரியவர் ஒருவரும் போதும். வெறும் கையோடும் போக வேண்டாம். தாழ்வான ஓரத்தில் இனிப் புதைக்கமாட்டோம், மேட்டுப் பக்கத்தில் மட்டும் வெட்டுவோம், வீடுகளின் பக்கமாக முப்பது மீற்றர் விட்டு மரம் நடுவோம், மாரியில் தண்ணீர் கண்டால் அந்த அடக்கத்தைத் தகனமாக மாற்ற வீட்டாரிடம் கேட்போம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கிணற்றை நாங்கள் நினைக்கிறோம் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தால் பாதி மறியல் அன்றே கலையும். இதை நான் இரண்டு இடங்களில் கண்ணால் கண்டிருக்கிறேன். மூன்றாவது இடத்தில் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலிக்காவிட்டால், அல்லது பிரேதத்தோடு நிற்கும்போது மறித்தால், கை நீட்ட வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். காணி சம்பந்தமான தகராறால் சமாதானம் குலையும் நிலை வந்தால் பொலிஸார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கை செய்யலாம். காணி யாருடையது என்ற முழுத் தீர்ப்பு அங்கே வராது. ஆனால் அதைப் பாவிக்கும் உரிமை யாருக்கு, யாரும் தடுக்கலாமா என்பதற்கு இடைக்காலத்தில் ஒரு கட்டளை வரும். அந்தக் கட்டளைக்கு மேலே நான் சொன்ன கடதாசிகள்தான் ஆதாரம். இந்த இடத்தில் ஒரு சட்டத்தரணியைக் கட்டாயம் பாருங்கள். என் பேச்சு இதற்கு மேல் செல்லாது.

அம்மாவைப் பற்றிக் கடைசியாக. அவர் சுகமாக இருக்கும்போதே இந்த வேலைகளைத் தொடங்குங்கள். சாவீட்டில் பறை கேட்கத் தொடங்கிய பிறகு யாரும் வரைபடம் தேட மாட்டார்கள். இந்த மார்கழியில் ஒரு காலை நேரம் அப்பாவின் குழிக்குப் போய், அதிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நாலடிக்கு ஒரு சோதனைக் கிடங்கு வெட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் நின்று தண்ணீர் ஊறுகிறதா, எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு கம்பில் அடையாளம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். வரைபடத்தின் பிரதி கைக்கு வந்ததும், ஊர்ப் பெயரை மறைத்து, துண்டு இலக்கத்தையும் அளவையும் இங்கே எழுதுங்கள். கம்பில் எத்தனை அங்குலம் நனைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் பக்கம் வெட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.